ஈரமில்லாத பறவைகள்

பினாங்குப் பாலம் திறந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகியிருந்த சமயத்தில், செத்த பறவைகளை எண்ணுவது என் வேலையாக இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்கரையில் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்று எதையாவது சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். பறவை என்றதும் "எதுக்குக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் என்னிடம் கேட்டிருந்தால் மாதச் சம்பளத்துக்கு என்று சொல்லியிருப்பேன். அதற்கு மேல் யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

தீவின் தென்கோடியில் ஒரு படகுத்துறை. பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். துறையிலிருந்து படகில் சில மணி நேரம் போனால் கடலுக்கு நடுவே ஒரு பாறை வரும். மரம் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் மே மாதம் பிறந்தால் கடல் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அதில் முட்டையிடும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கத்தரிக்கோல் மாதிரி வால். மலாய்க்காரர்கள் சாமார் என்பார்கள். தமிழில் ஆலா என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பறவை ஏன் அங்கே வருகிறதோ அதற்காகத்தான் படகும் போகும். அந்த மாதங்களில் பாறையைச் சுற்றிக் கெம்போங் மீன் கொப்பளிக்கும். பறவை மேலிருந்து பாயும், படகுக்காரர்கள் கீழே நைலான் வலையை மிதக்க விடுவார்கள். மீனைப் பார்த்துப் பாய்ந்த பறவையில் சிலது வலையில் மாட்டிக்கொண்டு மூழ்கிச் சாகும். எத்தனை சாகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு அதிகாரி வந்தார். எண்ணிக்கை அதிகமென்றால் பாறைப் பக்கம் வலை போடுவதையே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கத்துப் பிடியை நம்பித்தான் துறையில் இருந்த அத்தனை வீட்டிலும் வருஷம் முழுக்க அடுப்பெரிந்தது.

நான் அந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் என் கணவரைச் சொல்ல வேண்டும்.

அவர் படகு இஞ்சின் மெக்கானிக். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். என் அப்பா யாழ்ப்பாணத்து ஆள், துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கிராணி மகள் கையெல்லாம் கிரீஸாக இருக்கிற ஒருத்தரைக் கட்டிக்கொண்டதை அப்பா கடைசி வரை மன்னிக்கவில்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் ஒரு அறை வீடு. எனக்குக் கோபம் வந்தால் என் பேச்சு தானாக மாறிவிடும். "வந்துடுச்சுலா, யாழ்ப்பாணம் வந்துடுச்சு" என்று அவர் சிரிப்பார். அதற்காகவே சில நாள் சீண்டுவார்.

ஒரு நாள், புது இஞ்சின் பூட்டிய படகை ஓட்டிப் பார்க்கக் கடலுக்குப் போனார். பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தபோது அலை தூக்கிப் போட்டது. நன்றாக நீந்தக்கூடியவர்தான், ஆனால் விழும்போது தலையில் அடிபட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தார். அடையாளம் காட்ட நான்தான் போனேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை.

அந்தப் படகின் தலைவர் ஒரு தமிழர். படகுத் தலைவரைத் தெக்கோங் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சுங்கை பாக்காப்பில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போய், மலாய்க்கார நண்பன் ஒருவனோடு கடலுக்குப் போய், அப்படியே படகுக்காரராகிவிட்டவர். கடலுக்குப் போகிற தமிழர்கள் இந்தப் பக்கம் குறைவு. என் கணவர் அவரை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் நானும் அண்ணே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு நிறக் கவர். கவரின் வாயில் குண்டூசி குத்தியிருந்தது.

"எல்லா போட்டுக்காரங்களும் சேந்து குடுத்தது தங்கச்சி. மலாய்க்காரன், சீனன் எல்லாரும் போட்டிருக்காங்க. வச்சுக்க."

"வேணாம்ண்ணே."

"புள்ளைக்காவது ஆவும்லா."

"எங்க புள்ளைய நான் பாத்துக்குவேன். நாங்க யார்கிட்டயும் கை நீட்டிப் பழக்கமில்ல."

நாங்கள் என்று நான் சொன்னது யாரை என்று இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. என்னைத் தலைமுழுகிய அப்பாவின் கௌரவத்தை அந்த ஏழாவது மாடியில் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவரை உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். லிஃப்ட் அன்று ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அதிகாரி என்னைத் தேடி வந்தார். பல்கலைக்கழகத்தில் படித்த மலாய் இளைஞர். மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், படகுக்காரர்கள் துரத்தாத ஆளாகவும் இருக்க வேண்டும், உங்கள் பெயரைச் சொன்னார்கள் என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே கேட்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது எனக்கு. கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. சரி என்றேன்.

விடியுமுன் மஞ்சள் பஸ் பிடித்துத் துறைக்குப் போவேன். குழந்தையைப் பக்கத்து வீட்டுச் சீன அக்கா பள்ளிக்கு அனுப்பிவைப்பாள். ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் எனக்கு ஒரு மேசை. அதன் மேல் ஒரு கொக்கித் தராசு, ஒரு அளவுகோல், ஒரு பெரிய நோட்டு. படகு எண், வலை போட்ட இடம், இறக்கையின் நீளம், எடை என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் குறிப்பு. கண்ணில் படுவதை அப்படியே எழுதுங்கள், நீங்களாக ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கமாட்டாள்.

மீன் வாடை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் மீனை நினைத்தாலே வாயைப் பொத்துகிறவள், அங்கே கூடை கூடையாக மீன் போவதைப் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்பேன்.

அந்தத் துறையில் எல்லாமே எண்ணிக்கைதான். ஐஸ் உடைப்பவருக்குக் கட்டிக்கு இவ்வளவு. கூடை தூக்குபவருக்குக் கூடைக்கு இவ்வளவு. கிழிந்த வலை தைக்கிற பெண்களுக்கு முழத்துக்கு இவ்வளவு. படகில் போகிறவர்களுக்குப் பிடியில் பங்கு, பிடி இல்லையென்றால் பங்கும் இல்லை. மாதம் முடிந்ததும் தானாக வருகிற சம்பளம் என்று ஒன்றை அங்கே யாரும் வாங்கியதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதைப் பற்றி நான் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பறவை வரும். செத்ததை மீனோடு ஐஸில் வைக்கக்கூடாது என்று தனிக் கூடையில் போட்டுக் கொண்டுவருவார்கள். தொப்பலாக நனைந்து, இறகு உடம்போடு ஒட்டி, கழுத்திலோ இறக்கையிலோ நைலான் நூல் அறுத்த தடத்தோடு இருக்கும். அளந்து எழுதிவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடலில் போட்டுவிடுவார்கள் என்பது என் நினைப்பு.

மே மாதம் வந்தது. பறவையும் கூடியது. பாறைக்குப் படகுகள் போகிற காலம், கூடத்தானே செய்யும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை.

தெக்கோங் அண்ணன் மட்டும் தினமும் என் மேசைக்கு வந்து நிற்பார்.

"இன்னிக்கு எத்தன தங்கச்சி?"

"ஆறுண்ணே."

"ஆறா. பரவால்ல. போன வாரத்துக்கு இது நல்லாருக்குல?"

செத்த பறவைக்கு இது என்ன விசாரிப்பு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வேறு தெக்கோங்குகளும் மலாயில் அதையே கேட்பார்கள். எண்ணிக்கை கூடினால் முகம் மலர்வார்கள். எண்ணிக்கை கூடினால் தங்களுக்குப் பாறை போய்விடும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அதிகாரி முதல் நாளே ஒரு கூட்டம் போட்டு எல்லாவற்றையும் விளக்கித்தான் சொன்னார். ஆனால் அவர் பேசியது புத்தக மலாய். தூங்கி வழிந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஜூலை கடைசியில் அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் எதிரிலேயே கூட்டிப் போட்டார். அவர் முகம் வெளிறிவிட்டது. கெட்டவர் இல்லை அவர். பறவை என்றால் உயிர். "இவ்வளவு செத்தால் பத்து வருஷத்தில் பாறையில் ஒன்றுகூட மிஞ்சாது, காக்" என்றார். மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாறையைச் சுற்றி வருஷம் முழுக்க, எந்தப் படகும் எந்த வலையும் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். அறிக்கையோடு சேர்க்க நோட்டு முழுவதையும் டைப் அடித்துக் கொடுக்கச் சொன்னார். துறையில் இதைச் சொல்ல அடுத்த வாரமே பாலாய் ராயாவில், அதாவது ஊர் மண்டபத்தில், கூட்டம் என்று ஏற்பாடானது.

நகரத்தில் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று நாள் டைப் அடித்தேன். எண்களை அடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. குறிப்புக் கட்டத்துக்கு வந்தபோதுதான் விரல் நின்றது.

"இடது காலில் நடு நகம் இல்லை" என்று ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். புதன்கிழமை வேறொரு படகு, "இடது காலில் நடு நகம் இல்லை." வியாழக்கிழமை மூன்றாவது படகு, "இடது காலில் நடு நகம் இல்லை. நாற்றம்." எல்லாம் என் கையெழுத்து. ஒரே பறவையை மூன்று நாள் மூன்று படகில் செத்ததாக எழுதியிருக்கிறேன், மூன்றாம் நாள் அது நாறுகிறது என்பதையும் அக்கறையாகக் குறித்திருக்கிறேன்.

முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி நிறைய இருந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து சில வரிகளில் "இறகு காய்ந்திருக்கிறது. நூல் தடம் இல்லை. வயிற்றில் ஒரு இடத்தில் இறகு உதிர்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். வலையில் மூழ்கிச் செத்த பறவைக்கு எப்படி இறகு காயும்?

பக்கத்து மேசையில் இருந்த அதிகாரியிடம், வயிற்றில் இறகு உதிர்வது என்ன நோய் என்று கேட்டேன். அவ்வளவு நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவருக்குச் சந்தோஷம். "நோய் இல்லை காக். அடைகாக்கிற பறவைக்கு வயிற்றில் அந்த இடம் வெறுந்தோலாகிவிடும். உடம்புச் சூடு நேராக முட்டைக்குப் போக வேண்டும் அல்லவா" என்றார்.

ஓ என்றேன். அடித்துக்கொண்டிருந்த தாளை உருவி எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மஞ்சள் பஸ் பிடித்துத் துறைக்குப் போனேன்.

தெக்கோங் வீடு துறைக்குப் பின்னால் கால் வைத்துக் கட்டிய பலகை வீடு. அவர் மனைவி அடுப்பில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் அவரை வாசலோடு அனுப்பியது நினைவு வந்தது.

"ஒரே பறவைய மூணு போட்டுல குடுத்திருக்கீங்கண்ணே" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மாட்டிக்கொண்ட மாதிரியும் இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டார், அவ்வளவுதான்.

"நீதான் கவர வாங்கலியே தங்கச்சி" என்றார். "வேற எப்பிடித்தான் குடுக்கறது? என் போட்டுலதான போனாரு அவரு. நான்தான அவர ஓட்டிப் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் உக்காந்து பேசினோம். ஆளாளுக்கு ரெண்டு மூணு பறவை கூட எழுத வச்சா ஒனக்குக் கொஞ்சம் கூட வரும்ல."

"என்ன கூட வரும்?"

"காசுதான். ஒரு பறவைக்கு எவ்வளவு தர்றாங்கனு நாங்க கேட்டுக்கல. கேட்டா நல்லாருக்காது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"எனக்கு மாசச் சம்பளம்ண்ணே. நூறு பறவை வந்தாலும் அதான். ஒண்ணுமே வராட்டியும் அதான்."

அவர் மனைவி அடுப்பை அணைத்தார். ஈயக்குண்டு ஒன்று பலகை இடுக்கில் விழுந்து தண்ணீருக்குள் போன சத்தம் கேட்டது. "மாசச் சம்பளமா" என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பாறையை மூடப்போகிறார்கள் என்று சொன்னேன். வருஷம் முழுக்க என்று சொன்னேன். அவர் கோத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார். எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"எறகு காஞ்ச பறவையெல்லாம் எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார்.

"ஜூன்ல ஒரு ரெண்டு வாரம் வலையில ஒண்ணுமே மாட்டல" என்றார். "ஒனக்கும் ஒண்ணும் இல்லாமப் போவுதேனு இருந்திச்சு. ஸ்கூல் பஸ்ஸுக்குக் குடுக்கணும்னு நீ ஐஸ்காரர்கிட்ட சொல்லிட்டிருந்த. நான்தான் பாறையில ஏறினேன். மத்தவங்க யாரும் ஏறல, அவங்கள ஒண்ணும் சொல்லாத. அது முட்டை மேல உக்காந்திருக்கும் தங்கச்சி. ஆளு கிட்டப் போனாலும் எந்திரிக்காது. கையாலயே எடுத்துடலாம்."

"எத்தன தடவ ஏறினீங்க?"

"கேக்காத."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. நான் வேண்டாம் என்ற பணத்தை அவர் எனக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், நானும் தினம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன். நடுவில் அந்தப் பறவைகள் செத்திருக்கின்றன. இது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. அந்த அம்மாள் டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் பொய் எண்ணிக்கையில் பாறை மூடப்படும், என்மேல் இரக்கப்பட்டதற்காகத் துறையே பட்டினி கிடக்கும். எல்லாவற்றையும் சொன்னால் பாறையில் ஏறி அடைகாக்கிற பறவையைப் பிடித்த குற்றத்துக்கு அண்ணன் கோர்ட்டுக்குப் போவார், படகு லைசென்ஸ் போய்விடும். மொத்த நோட்டையும் பொய் என்று சொல்லிவிட்டால் நிஜமாகவே வலையில் செத்த பறவைகளுக்குப் பேச ஆளிருக்காது. தொப்பலாக நனைந்து வந்தவை அவை, முதல் மாதம் முழுக்க என் கையால் அளந்தவை. மூன்றும் எனக்குச் சமமாகத்தான் இருந்தன. வேறு எந்தக் காலமாக இருந்தாலும் தூக்கம் போயிருக்கும். நான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து குறிப்புக் கட்டத்தை மட்டும் படித்தேன். நகம் இல்லாதது, நாறியது, இறகு காய்ந்தது எல்லாவற்றின் மேலும் கோடு போட்டேன். சந்தேகம் வந்த இடத்திலும் கோடு. முடிந்ததும் அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

"நான் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன்" என்று மலாயில் சொன்னேன். "கோடு போட்டதெல்லாம் தப்பு."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். படித்தவர், அவருக்குப் புரியாமல் இருக்குமா? நானாவது எழுதினேன், குறிப்புக் கட்டத்தை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது.

"இந்தக் காய்ந்தது எல்லாம் எங்கிருந்து வந்தது, காக்?"

"தெரியாது. கேட்கவில்லை."

எழுதிய அன்று கேட்கவில்லை என்பது உண்மைதான். அந்த அளவுக்கு மட்டும் உண்மை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். என் முகத்தில் அப்போது எதுவும் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் ஒரு நன்மையாவது இருந்தது.

"இனிமேல் இந்த நோட்டை யார் நம்புவார்கள்?" என்றார்.

"கோடு போடாததை நம்பலாம்" என்றேன். "அதெல்லாம் ஈரமாக வந்தது. நான் தொட்டுப் பார்த்தேன்."

என்னை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் அவரிடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கோடு போடாததை அவர் தனியாகக் கூட்டினார். அது பெரிய எண்ணிக்கை இல்லை, ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிற எண்ணிக்கையும் இல்லை.

பாலாய் ராயா கூட்டத்துக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பறவை முட்டையிடுகிற மாதங்களில் மட்டும் பாறையைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு வலை கூடாது, அதற்கு வெளியே போடலாம், மற்ற மாதங்களில் தடையில்லை, பாறை மேல் மட்டும் எந்தக் காலத்திலும் ஆள் ஏறக்கூடாது என்று அதிகாரி சொன்னார். இந்த முறை மெதுவாக, கடைத்தெரு மலாயில் பேசினார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நல்ல பிடி கிடைக்கிற மாதமே அதுதானே, தள்ளிப் போட்டால் பாதிகூட வராதே என்று ஒரு மலாய்க்காரத் தெக்கோங் கேட்டார். நியாயமான கேள்விதான். இதுகூடப் பறவைக்குப் போதாது என்பது அதிகாரி முகத்தில் தெரிந்தது. யாருக்கும் திருப்தியில்லை.

அப்போது அண்ணன் எழுந்து நின்றார். "ஏறக்கூடாதுங்கறது சரி" என்று மலாயில் சொன்னார். "அது சரிலா. மத்தத அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

துறையின் மூத்த தெக்கோங்குகளில் அவரும் ஒருவர். அவரே சொன்ன பிறகு சத்தம் அடங்கியது. அவர் உட்காரும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குப் பிறகு நகரத்தில் ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. துறைக்குப் போகவில்லை. மறுபடி மே மாதம் வந்தது, முதல் தடை தொடங்குகிற வருஷம். தடைக்கு முந்தின நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் அண்ணன் நின்றார். ஏழு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. ஒரு கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய மீன். இன்னொரு கையில் அந்தக் கவர்.

அதே கவர்தான். குண்டூசி துருப்பிடித்து வாயோரம் கறை படிந்திருந்தது.

"பிரிக்கல தங்கச்சி. திருப்பிக் குடுக்கலாம்னா யார் யார் எவ்வளவு போட்டாங்கனு தெரியல" என்றார். "வேணாம்னா சொல்லிடு. கோவில் உண்டியல்ல போட்டுடறேன்."

நான் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் முறை அவர் வந்தபோது கையை நீட்டி இதை வாங்கியிருந்தால் அந்தப் பறவைகள் அதனதன் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். ஆள் கிட்டப் போனாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவை. என் வீம்புக்கு அவைதான் செத்தன. அந்த இடத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், எனக்கு முதல் முறையாக வலித்தது. பறவைக்காகவா, அண்ணனுக்காகவா, இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தவருக்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கவரை வாங்கிக்கொண்டேன்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன். "சாப்பிட்டுத்தான் போகணும்."

மீனையும் வாங்கிக்கொண்டேன். பாறைப் பக்கம் தடைக்கு முந்தின கடைசிப் பிடி, ஐந்து கெம்போங். அவர் என் மகளிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் கத்தியை எடுத்துச் செதிளைச் சுரண்டினேன். இரண்டு முறை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி சுரண்டினேன். வயிற்றைக் கீறிக் கழுவினேன். புளி கரைத்தேன். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வெங்காயத்தை வெட்டுவதற்கு முன்னாலேயே.

மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் மீன் தின்று வெகு நாளாகியிருந்தது, முள்ளை எப்படி எடுப்பது என்றே மறந்திருந்தாள். அண்ணன் அவளுக்கு எடுத்துக் கொடுத்தார். அவள் இன்னொரு துண்டு கேட்டாள். போட்டேன். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.